ஒரு சாணும் நாலு விரலும்

செனிட் கமராவின் சத்தம் அதில் படம் எடுக்காதவர்களுக்குத் தெரியாது. பட்டனை அழுத்தினால் உள்ளேயிருக்கிற கண்ணாடி மேலே போய் அடிக்கும். இரும்பு அலுமாரியை ஓங்கிச் சாத்துகிற மாதிரி ஒரு 'டக்'. மட்டக்குளியில் அழுத்தினால் கொட்டாஞ்சேனையில் கேட்கும் என்று நாங்கள் பகிடி விடுவோம். அன்று ஞாயிற்றுக்கிழமை காலை, ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் இருக்கிற ஒழுங்கையில் தில்லைநாதன் அதை அழுத்தியபோது அந்தப் பெண் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தாள். முகம் அப்படியே வெளுத்துப் போனது.

அது ஒரு இடியப்பம் அவிக்கிற வீடு. முன்பக்கம் தகரத்தால் சாய்த்துப் போட்ட ஒரு இறக்கு. அவள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இடியப்பத் தட்டுகளின் மூடியைத் தூக்கியிருக்கிறாள். ஆவி கிளம்பியிருக்கிறது. தகரத்தில் இருந்த ஓட்டை வழியாக வெயில் ஒரு கம்பி போல அந்த ஆவிக்குள் விழுந்திருக்கிறது. அதற்குள்ளிருந்து அவள் முகம் வெளியே வந்த நேரம் பார்த்து அவன் அழுத்திவிட்டான். நானும் பக்கத்தில்தான் நின்றேன். என்னிடம் ஃபெட் கமரா. அதற்குச் சத்தம் இல்லை. ஆனால் நான் கண்ணில் வைக்கவும் முந்தி அவன் எடுத்து முடித்துவிட்டான்.

"மச்சான்," என்றான் மெதுவாக, "இதுதான். இவ்வளவு காலமும் நான் தேடின படம் இதுதான்."

என்னையும் அவனையும் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். என் பெயர் கனகசபாபதி. வெள்ளவத்தையில் இருக்கிறேன். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை. தில்லைநாதன் பாங்கில் வேலை செய்து ஓய்வு பெற்றவன், எனக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறான். சோவியத் காலத்தில் மொஸ்கோவுக்கும் கியேவுக்கும் படிக்கப் போனவர்கள் கொண்டு வந்த பிலிம் கமராக்கள் கொழும்பில் இன்னும் சில வீடுகளில் கிடக்கின்றன. அவற்றை வாங்கித் துடைத்துத் தெருவில் கண்ட சாதாரணக் காட்சிகளைப் படம் எடுக்கிற பைத்தியங்கள் நாங்கள் ஒரு சிலர். ஞாயிறு காலையில் நடப்போம். மீன் வெட்டுகிறவர், சலூன் கண்ணாடி, மழைக்கு ஒதுங்கி நிற்கிற பிள்ளைகள், இப்படி. பிலிமை என் வீட்டுக் குளியலறையில் நான்தான் எல்லோருக்கும் கழுவிக் கொடுப்பேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு நேரே எங்களிடம் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது.

"சார், இப்ப என்னய படம் புடிச்சீங்களா?"

"இல்லைத் தங்கச்சி, அந்த ஆவியைத்தான்," என்றான் தில்லை.

"நான் அதுக்குள்ளதானே நின்னேன். காட்டுங்க பாப்பம்."

"இதில காட்ட ஏலாதம்மா. பழைய பிலிம் கமரா. ஸ்கிறீன் இல்லை."

அவள் கமராவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். கறுப்புத் தகடுதான். அவள் நம்பவில்லை. இந்தக் காலத்தில் ஸ்கிறீன் இல்லாத கமரா என்றால் யார் நம்புவார்கள்?

"அழிச்சிருங்க சார். கையெடுத்துக் கும்புடுறன். இப்பவே அழிச்சிருங்க."

"எங்களுக்கு விக்கிற யோசனை ஒண்டும் இல்லைப் பிள்ளை," என்றேன் நான். "பேப்பர்க்காரரும் இல்லை. சும்மா எங்கட ஆசைக்கு எடுக்கிறது."

"அவனும் சும்மா ஆசைக்குத்தான் எடுத்தான்," என்றாள்.

எவன் என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். முந்தி கொலன்னாவையில் ஒரு ரொட்டிக் கடையில் நின்றிருக்கிறாள். ரொட்டி கொத்துகிறதை ஒரு பொடியன் வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறான். பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டு இவள். பார்த்த யாரோ இவளுடைய புருஷனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கிழமை முடிய முதல் அவன் கடை வாசலில் வந்து நின்றானாம். அவள் இடது கையை முழங்கை வரை திருப்பிக் காட்டினாள். கொதிநீர் பட்ட தோல், பிளாஸ்டிக் பையைச் சுருட்டி வைத்த மாதிரி இருந்தது.

"இது நான் தெரியாம ஊத்திக்கிட்டதுன்னு ஆஸ்பத்திரில சொன்னேன். புள்ளய வச்சிக்கிட்டு வேற என்ன சொல்ல? அடுத்த தடவ வந்தா புள்ள மேலதான் ஊத்துவேன்னு சொல்லிட்டுத்தான் போனான். நான் இங்க இருக்கிறது யாருக்கும் தெரியாது சார். எனக்கு இத விட்டா வேற எடம் இல்ல."

பேச்சு சத்தமாகிவிட்டது. ஓட்டோ நிறுத்தி வைத்திருந்த இருவர் வந்தார்கள். எதிர் வீட்டில் இருந்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர். அந்தப் பக்கத்துத் தேவாலயத்தில் குண்டு வெடித்த நாளுக்குப் பிறகு, தெரியாத ஆள் கமராவோடு நின்றால் அங்கே ஒருவரும் சும்மா போகமாட்டார்கள். அதில் பிழையும் சொல்ல முடியாது.

"என்னா லவினா, யாரு இவங்க?"

"படம் புடிச்சிட்டாங்க அண்ணே. அழிக்க மாட்டேங்கிறாங்க."

"மொகத மே?" என்ன இது என்று சிங்களத்தில் கேட்டபடி ஓட்டோக்காரர் ஒருவர் தில்லையின் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றார். "போட்டோ எக மகன்ன!" அழிக்கச் சொல்கிறார்.

"மேக்கே ஸ்கிறீன் எகக் நே அய்யே," என்று தில்லையும் சிங்களத்தில் சொன்னான். இதில் ஸ்கிறீன் இல்லை என்று சொல்லிப் பார்த்தான்.

"இல்லாட்டி பொலிசுக்குக் குடுப்பம். அவங்க தேடி எடுப்பாங்க ஸ்கிறீன," என்றார் எதிர் வீட்டுக்காரர்.

யாரோ சிரித்தார்கள். ஆனால் வழியை விடவில்லை. தில்லை கமராவைத் தோள் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான். பறித்துவிடுவார்கள் என்று பயந்துதான் வைக்கிறான் என்று நினைத்தேன். லவினா அவன் பையின் பட்டியைப் பிடித்தாள்.

"சரி சரி," என்றான் தில்லை. "அழிக்கிறதெண்டா ஒரு வழிதான். பிலிமை வெளியில இழுத்து வெயிலில காட்டினா முழுக்கப் போயிடும். என்ர மற்றப் படங்களும் போகும். பரவாயில்லை. பாருங்கோ எல்லாரும்."

பைக்குள் கையை விட்டு செனிட்டை எடுத்தான். பின் கதவைத் திறந்தான். பிலிமைப் பிடித்து உருவினான். கீழே ரிபன் மாதிரி விழுந்தது. ஓட்டோக்காரர் அதைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. லவினா முழுவதையும் சுருட்டி இடுப்புத் துணிக்குள் வைத்துக்கொண்டாள்.

"அடுப்புல போட்டுருவேன் சார். கோவிச்சுக்காதீங்க. ஒங்க படமெல்லாம் போச்சே."

நான் அந்தச் செனிட்டையே பார்த்தேன். ஏனென்றால், அவன் வெளியே எடுத்த செனிட்டின் முன்பக்கத்தில் ஒரு மருந்துப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அது அவன் படம் எடுத்த கமரா இல்லை. அவனிடம் இரண்டு செனிட் இருக்கிறது. ஒன்றின் ஷட்டர் திரை சிக்குகிறது என்று எனக்குக் காட்டத்தான் அன்று கொண்டு வந்திருந்தான். பிலிம் ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று பார்க்க, வீணாய்ப் போன பழைய பிலிம் ஒன்றை அதற்குள் போட்டிருந்தான். செத்த றோல் என்று நாங்கள் சொல்வது. அவள் இடுப்பில் செருகியது அந்தச் செத்த றோலை. அவள் முகம் உள்ள பிலிம் பைக்குள் பத்திரமாக இருந்தது.

அந்த இடத்தில் வாய் திறந்திருந்தால் அவனை அடித்திருப்பார்கள். கமராவை உடைத்திருப்பார்கள். எனக்கும் விழுந்திருக்கும்.

லவினா உள்ளே போய் ஒரு பார்சலைக் கொண்டு வந்து என் கையில் வைத்தாள். இடியப்பம், சொதி, சம்பல். காசு நீட்டியதற்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம் சார். ஒங்களுக்கு நட்டம் வச்சிட்டேன். ஆண்டவர் பாத்துக்குவார்."

ஆமர் வீதிச் சந்தியில் ஓட்டோ ஒன்றில் ஏறினோம். பார்சல் என் மடியில் சுட்டது. பிறகு தில்லை மற்றச் செனிட்டை, அந்த உண்மையான செனிட்டை, வெளியே எடுத்து மடியில் வைத்தான். குழந்தையை வைக்கிற மாதிரி.

"கண்டனீயோ?" என்றான்.

"கண்டனான்."

"பிறகேன் மூஞ்சியை நீட்டிக்கொண்டு இருக்கிறாய்? அடி விழாமல் வந்திட்டம். படமும் இருக்கு."

"அவள் உன்னை நம்பிப் போனவள் தில்லை."

"அவள் என்னை ஏன் நம்பவேணும்? நான் என்ன ஃபாதரோ? ரோட்டில நிண்டு ரோட்டைப் படம் எடுத்தனான். சட்டப்படி அதில பிழை இல்லை."

"சட்டத்தை ஆர் கேட்டது? கையைப் பாத்தனிதானே."

அவன் ஓட்டோக்காரரின் கண்ணாடியை நோக்கிக் கமராவைத் தூக்கினான். 'டக்'. ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "என்ன அங்கிள், டயர் வெடிச்ச மாதிரி!" என்றார்.

"நாளைக்கு மத்தியானத்தோட முடியுது," என்றான் தில்லை. கொழும்பு ஏழில் நடக்கப்போகிற கண்காட்சிக்குப் படம் அனுப்புகிற கெடுவைத்தான் சொன்னான். 'அன்றாடக் கொழும்பு' என்பது இந்த முறைத் தலைப்பு. இவன் வருஷா வருஷம் அனுப்புவான். வருஷா வருஷம் 'பங்குபற்றியமைக்கு நன்றி' என்று வரும். "இந்த முறை எடுப்பாங்கள். எனக்குத் தெரியும். எடுக்காமல் இருக்க ஏலாது."

"எடுத்தால் பேஸ்புக்கில போடுவாங்கள். போஸ்டர் அடிப்பாங்கள்."

"போடட்டும். அவளின்ர புருஷன் குடிகாரன், கலரியிலை வைன் கிளாசோட நிண்டு படம் பாக்கப்போறானோ?"

"ரொட்டிக் கடை வீடியோவையும் அவன் தேடிப் போய்ப் பாக்கேல்லை. ஆரோ பாத்து அனுப்பினவங்கள்."

"ஆவிக்குள்ள அரை முகம் சபா. பெத்த தாய்க்கே மட்டுக்கட்ட ஏலாது."

"அரை முகம் எண்டால் பிறகேன் அவ்வளவு நல்ல படம்?"

காலி முகத்திடலுக்கு வந்ததும் கடல் பக்கம் திரும்பி ஒன்று எடுத்தான். 'டக்'. வெள்ளவத்தையில் இறங்கும்போது என்னையே ஒன்று எடுத்தான். "கோவக்கார ஐயா," என்றான். 'டக்'. அதோடு நெம்புகோல் நகரவில்லை. றோல் முடிந்துவிட்டது. அங்கேயே, மார்க்கட் வாசலில் நின்றே, பிலிமை அதன் தகரக் கூட்டுக்குள் சுற்றி இழுத்து வெளியே எடுத்தான். என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களையும் அவனே மூடினான்.

"இண்டைக்கே கழுவித் தா."

நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் நான் மாட்டேன் என்றால் நாளைக்குக் காலையில் அவன் அதைக் கடையில் கொடுப்பான். பிறகு அந்தப் பிலிம் என் கைக்கு எட்டாது. அதனால் வாங்கினேன்.

"முன்னுக்கு ஆரணியின்ர படங்கள் இருக்கு," என்றான். "ஏர்போட்டில எடுத்தது. கனகேஸ்வரி ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருக்கிறா. கவனம்."

ஆரணி அவனுக்கும் கனகேஸ்வரிக்கும் ஒரே மகள். போன மாதம் கனடா போய்விட்டாள். கட்டுநாயக்காவில் தாயும் மகளும் கட்டிப் பிடித்து அழுததை இவன் ஃபோனில் எடுக்கவில்லை. பிலிமில்தான் எடுப்பேன் என்று நின்றவன். ஆக இந்த ஒரு றோலில் தலைப்பில் ஆரணி, வாலில் லவினா.

மற்றவரின் பிலிமில் கை வைக்கக்கூடாது என்பது எங்கள் சின்னக் கூட்டத்தில் எழுதாத சட்டம். யார் எதைத் தந்தாலும் கழுவிக் காயப்போட்டுக் கொடுப்பேன். பார்க்கவேண்டாம் என்றால் பார்க்கவும் மாட்டேன். அந்த நம்பிக்கையில்தான் எல்லோரும் தருகிறார்கள். தில்லையோடு என் வீட்டுப் படி ஏறும்போது இதுதான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. என் மனுசி கோயிலுக்குப் போயிருந்தாள். பார்சலைக் குசினி மேசையில் வைத்தேன். இருவரும் அதைத் தொடவில்லை.

என் குளியலறைக்கு யன்னல் இல்லை. கதவின் கீழே ஒரு துவாயைச் செருகினால் கும்மிருட்டு. கொழும்புத் தண்ணீர் குழாயிலேயே சூடாகத்தான் வரும். பிலிம் கழுவ அது ஆகாது. அதனால் ஒரு வாளியில் ஐஸ் போட்டு மருந்துப் போத்தல்களை அதற்குள் இறக்கி வைத்தேன். தகரம் திறக்கிற திறப்பான், கத்தரிக்கோல், பிலிம் ஏற்றுகிற சுருள், அதை வைத்து மூடுகிற தாங்கி. எல்லாவற்றையும் கழுவுதொட்டியின் ஓரத்தில் இடமிருந்து வலமாக வைத்தேன். இருட்டில் கை தேடும்போது அது அது இருக்கிற இடத்தில் இருக்க வேண்டும்.

"உன்னில எனக்கு நம்பிக்கை இருக்கு," என்றான் தில்லை. "எண்டாலும் நான் வாசலில நிப்பன்."

"நில்."

கதவைச் சாத்தினேன். என் வீட்டில் குளியலறை சுவிச் வெளியே, கதவின் பக்கத்தில். அவன்தான் அணைத்தான்.

இருட்டில் தகரத்தின் மூடியைத் திறந்தேன். பிலிமின் தலைப்பைச் சுருளில் கொளுவி, முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி ஏற்றினேன். ஆரணி முதலில் போனாள். அதன் பிறகு நடுவில் என்னென்ன எடுத்தானோ தெரியாது. அதுவும் போனது. மெல்ல மெல்லக் கனம் குறைந்தது. விரலில் பிலிமின் அடிக்கட்டை தட்டுப்பட்டது. பிலிமின் வால் அதில்தான் ஒட்டியிருக்கும். வழக்கமாக அந்த அடியோடு ஒரு வெட்டு வெட்டிவிட்டு மிச்சத்தை ஏற்றுவேன். கத்தரிக்கோலைத் தேடி எடுத்தேன்.

"ஏத்தி முடிஞ்சுதோ?" என்றான் வெளியே.

"கடைசிக்கு வந்திட்டன்."

"வெட்டன் பிறகு."

யோசித்தேன். லவினாவுக்குப் பிறகு அவன் அழுத்தியது எனக்குத் தெரியும். செனிட்டின் சத்தத்தை யாரால் தவறவிட முடியும்? கண்ணாடிக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அதற்கு முன்னால் அவள். அடிக்கட்டையோடு வெறும் துண்டு கொஞ்சம் இருக்கும். எல்லாம் சேர்த்தால் ஒரு சாண் வரும். பிழை விடக்கூடாது என்றால் இன்னும் நாலு விரல். அதற்கு மேலே வெட்டினால் அவள் வெட்டுப்பட்ட துண்டில் இருப்பாள். ஒரே வெட்டு. வெளியே கேட்கிறதும் ஒரு வெட்டுச் சத்தம்தான். அவனுக்குத் தெரியவே போவதில்லை. பிறகு படம் வரவில்லை, உன்னுடைய செனிட் சிக்கிவிட்டது என்று சொல்லலாம். அந்தக் கமராவைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்பலாம்.

கட்டைவிரலை அடிக்கட்டையில் வைத்துச் சாணை விரித்தேன். நாலு விரலை வைத்தேன். கத்தரிக்கோலின் வாய்க்குள் பிலிம் வந்துவிட்டது.

அப்போதுதான் எனக்குப் பட்டது, நான் இப்போது செய்யப்போவது அவன் ஒழுங்கையில் செய்ததுதான் என்று. முகத்தைப் பார்த்துக்கொண்டே வேறு பிலிமை இழுத்துக் காட்டுகிற வேலை.

"தில்லை," என்றேன். "நான் அடியில வெட்டேல்லை. மேல வெட்டப்போறன். அவளின்ர படம் இதில வராது."

கதவில் ஒரு அடி விழுந்தது.

"டேய்! விசரே உனக்கு?"

"சொல்லிப்போட்டு வெட்டுறன். களவா வெட்டேல்லை."

"ஆரின்ர பிலிம் அது? ஆரின்ர பிலிம் சபா? உன்னட்டை நம்பித் தந்தது!"

"ஓம். நம்பித்தான் தந்தனி. அவளும் நம்பித்தான் போனவள்."

கதவுக் கைபிடி கீழே இறங்கியது. என் குளியலறைக் கதவுக்குப் பூட்டுக் கிடையாது. கொழுக்கி எப்போதோ கழன்றுவிட்டது. நான் சுருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"திறப்பன்!"

"திற. ஆரணியும் போயிடுவாள். இவ்வளவும் இப்ப வெளியில இருக்கு, தாங்கிக்குள்ள போடேல்லை. திற."

கைபிடி கீழேயே நின்றது. அது திரும்பி மேலே வருகிற சத்தத்துக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். வேர்வை மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. பிலிமில் விழுந்தால் கறை பிடிக்கும். துடைக்கக் கை இல்லை.

"சபா," என்றான். குரல் மாறியிருந்தது. "ஆயுசு முழுக்கப் பாங்கில சீல் குத்தினனான். ஒருத்தரும் என்னைப் பாத்து இவன் நல்லாச் செய்தான் எண்டு சொல்லேல்லை. ஒரு படமடா. ஒரே ஒரு படம்."

"எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியாது. நீ காணேல்லை. கமராவுக்குள்ளால நான் கண்டனான்."

"நல்ல படம்தான் தில்லை. அதாலதான் பயமாக் கிடக்கு. நல்ல படத்தைச் சனம் அனுப்பும்."

"ஒரு வருஷம் கழிச்சுப் போடுறன். சரியோ? அவள் அதுக்குள்ள வேற எங்கயும் போயிருப்பாள்."

"போக வேற இடம் இல்லை எண்டுதானே சொன்னவள்."

கைபிடி மேலே வந்தது. அவன் கதவில் முதுகைச் சாய்த்தான் போல. பலகை முனகியது. அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டான். பிறகு கேட்டான்:

"எவ்வளவு வெட்டுறாய்?"

"ஒரு சாணும் நாலு விரலும்."

"உன்ர பெரிய கைக்கு அது ஒரு முழம் வரும். கோயிலடியில ஒரு பூக்காரியும் நிண்டாள். அதுவும் போயிடும்."

"போகும்."

"நாசமாய்ப் போ."

வெட்டினேன். சின்னச் சத்தம். நகம் வெட்டுகிற அளவுதான். சுருளில் மிச்சத்தை ஏற்றித் தாங்கிக்குள் இறக்கி மூடியைத் திருகினேன். இரண்டு தரம் திருகிப் பார்த்தேன். ஆரணி பத்திரம். இனி எந்த வெளிச்சமும் அவளைத் தொடாது. வெட்டிய துண்டு அடிக்கட்டையோடு கழுவுதொட்டியின் ஓரத்தில் கிடந்தது. இருட்டு இருக்கிற வரைக்கும் அதற்குள் லவினாவும் இருந்தாள்.

கதவைத் திறந்து அந்தத் துண்டில் வெளிச்சம் பட நானே விட்டிருக்கலாம். ஒரு அடிதான். அவன் மறுத்தால் திறக்கத்தான் இருந்தேன். ஆனால் முதலில் கேட்க வேண்டும் போல இருந்தது.

"தில்லை, ஆரணியைத் தாங்கிக்குள்ள மூடிப்போட்டன். மற்றத் துண்டு வெளியில கிடக்கு. சுவிச் உன்ர பக்கம். லைட்டைப் போடு."

வாளிக்குள் ஐஸ் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம் கேட்டது. கீழே காலி வீதியில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தது. வெளியே அவன் மூச்சு விடுவது கூடக் கேட்டது. போய்விட்டானோ என்று நினைத்தேன், இல்லை, மூச்சு இருந்தது. அந்தத் துண்டை இப்போது ஒரு கறுப்புப் போத்தலில் போட்டு மூடினால் படம் தப்பும் என்பது அவனுக்கும் தெரியும். போட்டுத் தா என்று கேட்பான், கேட்டால் நான் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே கைபிடியில் கை வைத்தேன்.

பலகை மறுபடி முனகியது. அவன் எழும்புகிறான். செருப்பு ஒரு தரம் உரசியது.

சுவிச் விழுந்தது.

வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கழுவுதொட்டி ஓரத்தில் ஒரு சாம்பல் நிற நாடா, சுருண்டு கிடந்தது. அவ்வளவுதான்.

அவன் உள்ளே வந்தான். அதை எடுத்து விரித்து, குழல் விளக்குக்கு நேரே பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"ஒண்டும் தெரியேல்லை," என்றான்.

"தெரியாது."

அதைக் கசக்கவில்லை, எறியவும் இல்லை. இருந்த இடத்திலேயே வைத்தான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் வாளிக்குள் விரலை விட்டான்.

"ஐஸ் கரையுது. நிண்டு பாத்துக்கொண்டிராமல் மருந்தை ஊத்து," என்றான். "கனகேஸ்வரி பாத்துக்கொண்டிருக்கிறா."